‘லேசா’ன்னா எவ்வளவு லேசு?

கிரைண்டர் செய்கிற ஒரு அண்ணாவுக்காக நான் எழுதிய காப்புரிமை விண்ணப்பத்துக்கு, அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை மின்னஞ்சலில் வந்து விழுந்தபோது நான் கோவை கணபதியில், அவருடைய பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு டிரேட்மார்க் கையெழுத்துக்காகப் போனவள், போனிலேயே திறந்து படித்தேன். நாலு ஆட்சேபங்கள். புதுமை இல்லை, கண்டுபிடிப்புத் திறன் போதாது என்ற முதல் இரண்டும் அநேகமாக எல்லாருக்கும் வருவது. அதற்குப் பதில் கைவசம் இருந்தது. மூன்றாவது, ஒரு படத்தில் எண் விட்டுப்போனது. நாலாவதுதான் வயிற்றைக் கலக்கியது. முதல் கிளெய்மில், அதாவது எது எங்களுக்குச் சொந்தம் என்று எல்லை கட்டுகிற வாக்கியத்தில், இருக்கிற ‘லைட்லி’ (லேசாக) என்ற சொல்லுக்கு எல்லை எது என்று தெரியவில்லை, எதுவரை பாதுகாப்பு கேட்கிறீர்கள் என்பது புரியவில்லை, காப்புரிமைச் சட்டம் 10(5) பிரிவின்படி கிளெய்ம் தெளிவாக இருக்க வேண்டும். சாரம் அவ்வளவுதான்.

அண்ணாவிடம் தமிழில் சொன்னேன். கிரைண்டர் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

“லேசான்னா லேசுதானுங்க அம்மிணி. இதுல என்ன புரியலையாம் அவிங்களுக்கு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ‘லைட்லி’யை எழுதியவள் நான். பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதிப் பதிவு வாங்கி அப்போது மூன்றாவது வருஷம். கோவையில் பம்ப், மோட்டார், கிரைண்டர் செய்பவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆட்சேபத்தை மறுபடி படித்தபோது ஆய்வாளர் மேல் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்ட கேள்வி சரி.

அண்ணாவின் கண்டுபிடிப்பு ரொம்பச் சின்னது. வெட் கிரைண்டரில் டிரம் சுற்றும், குழவிக்கல் உள்ளே உருளும். டிரம் சுவரில் அப்புகிற மாவை வழித்துக் கல்லுக்கு அடியில் தள்ளிவிடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பலகை நிற்கும். அதுதான் ஸ்கிரேப்பர். புது கிரைண்டரில் சுவரை ஒட்டி நிற்கும். ஒரு வருஷம் ஆட்டினால் அதன் ஓரம் தேய்ந்துவிடும். சுவரில் உளுந்து ஒரு படலமாக அப்பியபடியே சுற்றும், அரைபடாது. வீட்டில் கையை விட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். அண்ணா என்ன செய்தார் என்றால், ஸ்கிரேப்பரை ஒரு பின்னில் அசையும்படி மாட்டி, பின்னால் துணி கிளிப்பில் இருப்பது மாதிரி ஒரு டார்ஷன் ஸ்பிரிங் வைத்தார். ஓரம் தேயத் தேய ஸ்பிரிங் அதைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

சூட்சுமம் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருந்தது. அழுத்தம் கூடினால் மோட்டார் சூடாகும், பிளாஸ்டிக் சுரண்டி மாவில் கலக்கும். குறைந்தால் மாவு அடியில் நழுவிப் போய்விடும். “லேசா தொட்டுக்கிட்டே இருக்கோணும்” என்று போனில் சொன்னார். நான் அதை அப்படியே ‘லைட்லி கான்டாக்டிங்’ என்று எழுதித் தாக்கலும் செய்துவிட்டேன்.

ஆட்சேபம் வந்த அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்: “லேசா இருக்குன்னு நீங்க எப்படிண்ணா கண்டுபிடிக்கறீங்க?”

சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்தார். ஸ்கிரேப்பருக்கும் டிரம் சுவருக்கும் நடுவில் செருகினார். இரண்டு விரலால் மெதுவாக இழுத்தார். சரசரவென்று உரசிக்கொண்டே வந்தது.

“டிக்கெட்டு வரோணும். ஆனா சும்மா வரக் கூடாது.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பட்டறைக்கு வந்து, இதே கேள்வியைக் கேட்டு, இதே டிக்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும். போனில் நோட்ஸ் எடுத்து, ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதினேன்.

கிளெய்ம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கிரயப் பத்திரத்தைத்தான் காட்டுவேன். பத்திரத்தில் சொத்து யாருடையது, எப்படி வந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆனால் சண்டை வந்தால் எல்லாரும் கடைசியில் இருக்கிற செக்குபந்தியைத்தான் புரட்டுவார்கள். கிழக்கே எது, மேற்கே எது, தெற்கே எது, வடக்கே எது. காப்புரிமை ஆவணத்திலும் அப்படித்தான். முன்னால் விவரணம் வளவளவென்று போகும், படங்கள் இருக்கும். முடிவில் ‘வீ கிளெய்ம்’ என்று ஆரம்பித்து, ஒவ்வொரு கிளெய்மும் ஒரே வாக்கியமாக வரும். பக்கத்து நிலத்துக்காரன் வேலி போடும் முன்னால் எட்டிப் பார்ப்பது அதைத்தான். வேலிக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாவிட்டால், அத்துமீறினான் என்று எந்த முகத்தோடு அவன்மேல் வழக்குப் போடுவது?

இதில் ஒரு பொறி இருக்கிறது. தெளிவில்லாத கிளெய்ம் சில சமயம் அலுவலகத்தில் தப்பித்து, காப்புரிமையும் கிடைத்துவிடும். அப்புறம் ஒருவன்மேல் வழக்குப் போட்டால், அவன் 64(1)(i) பிரிவைப் பிடித்து, கிளெய்மின் எல்லை தெளிவாக வரையறுக்கப்படவில்லை, காப்புரிமையையே ரத்து செய்யுங்கள் என்று எதிர்க்கோரிக்கை வைப்பான். அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டது எங்கள் நல்ல நேரம் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை.

பதில் கொடுக்க ஆறு மாதம் இருந்தது. முதல் யோசனை எல்லாருக்கும் தோன்றுவதுதான். ‘லேசா’வுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவோம். அண்ணா ஒரு ஸ்பிரிங் தராசை வாங்கி வந்தார். ஸ்கிரேப்பரின் நுனியில் நூலைக் கட்டி, சுவரை விட்டு அது விலகுகிற வரை இழுத்துப் பார்த்தோம். டிக்கெட் சரியாக உரசுகிற நிலையில் 180 கிராமிலிருந்து 260 கிராம் வரை காட்டியது. அதற்குக் கீழே மாவு நழுவியது, மேலே மோட்டார் முனகியது. ஒரு சனிக்கிழமை முழுக்க அளந்தோம். மத்தியானம் அவர் வீட்டிலிருந்தே சாப்பாடு வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

ராத்திரி தாக்கல் செய்த விவரணத்தை எடுத்துப் படித்தேன். எங்கேயும் கிராம் இல்லை. தராசு இல்லை. டிக்கெட்டும் இல்லை. 59-ஆம் பிரிவு நினைவுக்கு வந்தது. முதலில் கொடுத்த ஆவணத்தில் சாராம்சமாகக்கூட இல்லாத ஒன்றைத் திருத்தத்தின் வழியாக உள்ளே கொண்டுவர முடியாது. திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே அடங்கவும் வேண்டும். நாங்கள் அளந்தது நிஜம். ஆனால் தாக்கல் தேதியில் அது காகிதத்தில் இல்லை. சரி, புது விண்ணப்பம் போடலாமா? கிரைண்டர் சந்தைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவருடைய சொந்த விற்பனையே அவருடைய புதுமையைக் கெடுத்துவிட்டது.

இரண்டாவது யோசனை, வாதாடிப் பார்ப்பது. கிரைண்டர் செய்கிற எவனுக்கும் ‘லேசா’ என்றால் தெரியும் என்று சொல்வது. அதற்கு வலு தேடி வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் படித்தேன். அவை இங்கே நம்மைக் கட்டுப்படுத்தாது; ஆனால் யோசிப்பதற்கு நல்ல தீனி. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன நாட்டிலஸ் வழக்கு கிட்டத்தட்ட எங்கள் கதைதான். உடற்பயிற்சி இயந்திரத்தின் கைப்பிடியில் இதயத் துடிப்பை அளக்கும் மின்முனைகள். அவற்றுக்கு நடுவே ‘ஸ்பேஸ்டு ரிலேஷன்ஷிப்’ இருக்க வேண்டும் என்று கிளெய்ம். எவ்வளவு இடைவெளி என்று எண் கிடையாது. அதுவரை அங்கே, தீர்க்கவே முடியாத குழப்பம் இருந்தால்தான் கிளெய்ம் செல்லாது என்று தளர்வாக இருந்தார்கள். அது போதாது, அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு நியாயமான அளவு நிச்சயம் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இறுக்கியது. வழக்கு கீழே திரும்பிப் போனது. மறு வருஷம் அதே கிளெய்ம் தப்பித்தது! கைப்பிடியைப் பிடிக்கிற உள்ளங்கையின் அகலத்தை இடைவெளி தாண்ட முடியாது, ஒரேயடியாக ஒட்டியும் இருக்க முடியாது, நடுவில் எது சரி என்பதை ஒரு சோதனையால் கண்டுபிடிக்கலாம் என்பதெல்லாம் காப்புரிமை ஆவணத்தையும் அதன் கோப்பையும் வைத்தே தெரிந்தது.

அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ‘லேசா’ என்று எழுதியதில் குற்றமில்லை. தோராயம், ஏறக்குறைய, கணிசமாக என்ற சொற்களெல்லாம் நல்ல கிளெய்ம்களிலும் இருக்கின்றன. அந்தச் சொல்லை உரசிப் பார்க்க ஒரு கல்லை ஆவணத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்த உரைகல் அண்ணாவின் சட்டைப்பையில் இருந்தது.

எதை வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். பழைய பத்திரங்களில் ‘ராமசாமி தோட்டத்துக்கு மேற்கு’ என்று எழுதியிருப்பார்கள். ராமசாமி தோட்டத்தைப் பிரித்து விற்றுவிட்டால் அந்த எல்லை எங்கே போய் நிற்கும்? அமெரிக்காவில் இதற்கு இரண்டு வழக்குகளைச் சேர்த்துச் சொல்வார்கள். ஒன்றில் சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலான தூரம், ஓட்டுபவரின் உயரத்தில் 58 முதல் 75 சதவீதம் என்று கிளெய்ம். எந்த ஓட்டுபவர்? தெளிவில்லை என்று தள்ளிவிட்டார்கள். இன்னொன்றில் ஒரு சக்கர நாற்காலியின் முன்பகுதி, காரின் கதவுச் சட்டத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழையும் அளவில் இருக்க வேண்டும் என்று கிளெய்ம். கார்கள் பலவிதம்தான். ஆனாலும் ஒரு காருக்கு நாற்காலி செய்பவர் அந்த இடத்தை அளந்துகொள்ள முடியும், அதனால் செல்லும் என்றது 1986-ஆம் வருஷத் தீர்ப்பு. சைக்கிளில் எண் இருந்தும் தோற்றது, நாற்காலியில் எண் இல்லாமலே ஜெயித்தது. எண் போட்டால் தெளிவு வந்துவிடும் என்று நம்புகிற வாடிக்கையாளர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. முக்கால்வாசிப் பேர் நம்புவதில்லை.

எண் இருந்தும் மாட்டிக்கொள்கிற இன்னொரு வகை உண்டு. எங்கள் 180 கிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அண்ணா கூப்பிட்டு, டிரம்மில் மாவு இருக்கும்போது இழுத்தால் வேறு கணக்கு வருகிறது என்றார். நூலை நுனியில் கட்டாமல் நடுவில் கட்டினால் அதுவும் மாறியது. 2015-இல் டெவா நிறுவனத்தின் கோபாக்சோன் மருந்துக் காப்புரிமையில் ஒரு கிளெய்ம் விழுந்தது இப்படித்தான். மூலக்கூறு எடை 5 முதல் 9 கிலோடால்டன் என்று எண் இருந்தது. ஆனால் பாலிமருக்கு அந்த எடையை மூன்று விதமாகக் கணக்கிடலாம். மூன்றுக்கும் விடை வேறு. எந்த விதம் என்று கிளெய்மில் இல்லை. அதனால்தான் இப்போது எந்த எண்ணை எழுதினாலும் அதை எந்தக் கருவியால், எந்த நிலையில், எந்த இடத்தில் அளந்தோம் என்று விவரணத்தில் ஒரு பத்தி கண்டிப்பாக வைக்கிறேன். வாடிக்கையாளர் எரிச்சல் பட்டாலும் சரி.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை வீடியோ கான்பரன்ஸில் நடந்தது. விண்ணப்பத்தின் மேல் முடிவெடுக்கிற அதிகாரியான கன்ட்ரோலர் நிதானமாகத்தான் கேட்டார். நாளைக்கு இன்னொருவர் இதே மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்தால், அது உங்கள் கிளெய்முக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எதை வைத்து முடிவு செய்வது? என் நாக்கில் பஸ் டிக்கெட் வந்து நின்றது. சொல்லவில்லை.

அந்த விசாரணைக்குத் தயாராகும்போது இன்னொரு ஓட்டையும் கண்ணில் பட்டது. ஆய்வாளர் அதைக் குறிப்பிடவில்லை. அண்ணா பேச்சில் கல்லைப் பிடிக்கிறதும் கை, ஸ்கிரேப்பரைப் பிடிக்கிறதும் கை. நான் முதல் கிளெய்மில் இரண்டு கைகளை அறிமுகப்படுத்திவிட்டு, மூன்றாவது கிளெய்மில் வெறுமனே ‘தி ஆர்ம்’ என்று எழுதியிருந்தேன். எந்தக் கை? தமிழில் யோசிக்கிற நமக்கு இது அடிக்கடி நடக்கும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வருகிற ‘எ’, ‘தி’ என்ற சங்கதியே நம் மொழியில் கிடையாது. ‘மூடி’ என்றால் ஏதோ ஒரு மூடியும்தான், முன்னே சொன்ன மூடியும்தான். பேச்சின் போக்கில் புரிந்துகொள்வோம். விண்ணப்பமோ ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் கொடுக்க வேண்டும். ஆங்கிலக் கிளெய்மில் ஒரு பொருள் முதலில் ‘எ’ போட்டு நுழைய வேண்டும், அடுத்த முறையிலிருந்து ‘தி’ போட்டு வர வேண்டும். நுழையாத பொருளுக்கு ‘தி’ போட்டால் ஆட்சேபம். இப்போது எழுதி முடித்ததும் தாளைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு ‘தி’யிலிருந்தும் அதன் ‘எ’வுக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறேன். கோடு போய்ச் சேர இடமில்லாத ‘தி’ உடனே தெரிந்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்பதும் அதோடு சேர்ந்தது. பள்ளிக்கூடக் கட்டுரையில் அதே சொல்லைத் திருப்பி எழுதினால் மார்க் போகும். இங்கே ஸ்கிரேப்பரை அடுத்த வரியில் ‘பிளேடு’ என்றால் அது வேறு பொருளோ என்று கேள்வி வரும்.

வேற்றுமை உருபு விஷயத்தில் மட்டும் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. மாவுப் பண்டம் ஒன்றைச் சுடுகிற முறைக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை இருந்தது. மாவை 400 முதல் 850 டிகிரி பாரன்ஹீட் வரைக்கும் ‘ஹீட்டிங் டு’ என்று கிளெய்ம். அவர்கள் நினைத்தது அடுப்பின் சூட்டை. எழுதியது மாவு அந்தச் சூட்டை எட்ட வேண்டும் என்று. அப்படிச் செய்தால் மாவு கரிக்கட்டையாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் 2004-இல் நீதிமன்றம், எழுதியது எழுதியதுதான், உங்களுக்காக நாங்கள் திருத்தி எழுத முடியாது என்றுவிட்டது. ‘400 டிகிரிக்கு’, ‘400 டிகிரியில்’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முன்னிடைச்சொல் சந்தேகம் வந்தால் நான் இன்றைக்கும் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

விசாரணைக்குப் பிறகு எழுத்துமூலப் பதில் கொடுக்கப் பதினைந்து நாள். ‘லைட்லி’யை அடித்தோம். அதற்குப் பதிலாக, விவரணத்திலும் படத்திலும் ஏற்கெனவே இருந்த அமைப்பை அப்படியே கிளெய்முக்குள் இறக்கினோம். ஸ்கிரேப்பர் கையில் ஒரு பின், அதில் அசையும் ஸ்கிரேப்பர், ஒரு முனை கையின் துளையிலும் மறுமுனை ஸ்கிரேப்பரின் முதுகிலும் அழுந்தி நிற்கும் டார்ஷன் ஸ்பிரிங், டிரம் சுற்றும்போது சுவரோடு தொடர்பு விடாத ஓரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படத்தின் எண். முன்பு ஒரு கிளெய்முக்குள் ‘ப்ரிஃபரப்ளி’ (இப்படி இருந்தால் நல்லது) என்று போட்டுத் திணித்திருந்த ஓரத்தின் கோணத்தைத் தனிக் கிளெய்மாகப் பிரித்தோம். பத்துக்கு மேல் போனால் தனிநபருக்குக் கிளெய்ம் ஒன்றுக்கு 320 ரூபாய் என்ற பயத்தில் அப்படித் திணித்தது. சிக்கனம் பார்க்கிற இடமா அது?

காப்புரிமை கிடைத்தது. அண்ணா சான்றிதழைச் சட்டம் போட்டுப் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு பாத்திரக் கடையில் இன்னொரு கம்பெனியின் கிரைண்டரைப் பார்த்தேன். அதன் ஸ்கிரேப்பரும் சுவரை விடாமல் தொட்டுக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் இல்லை. அதற்குப் பதில் ஒரு ரப்பர் புஷ், குழாய்த்துண்டு மாதிரி ஒரு வளையம். எங்கள் கிளெய்மில் டார்ஷன் ஸ்பிரிங் என்று இருந்தது. ‘லேசா’வுக்கு ஒரு சோதனை முறையை முதல் நாளே எழுதி வைத்திருந்தால், ஸ்பிரிங்கா ரப்பரா என்று பார்க்காமல், எது அந்த அழுத்தத்தைக் கொடுத்தாலும் பிடித்திருக்கலாம். அண்ணாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நம்ம செக்குபந்திக்கு ஒரு அடி தள்ளி வூடு கட்டிப்போட்டான்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

போன வருஷம் அவர் அடுத்த ஒன்றைச் செய்தார், டிரம் மூடிக்கு ஒரு சீல். இந்த முறை இரண்டு நாள் பட்டறையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எது டைட், எது லூஸ், எப்படிப் பார்க்கிறார், எதைக் கையில் எடுக்கிறார் எல்லாம். மூடியும் விளிம்பும் சேருகிற இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி இழுக்கிற சோதனையை விவரணத்தில் ஒரு முழுப் பத்தியாகப் பெருமையோடு எழுதி, தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்த டிக்கெட்டுங்க அம்மிணி? நான் வெச்சிருக்கறது பழைய டிக்கெட்டு. இப்ப கண்டக்டர் மெஷின்ல கிழிச்சுக் குடுக்கறாரே, அது வேற பேப்பருங்க. தடிமனே வேற.”

அந்தப் பத்தியை அடித்துவிட்டு, இருவருமாக டவுன்ஹால் பக்கம், இடைவெளியை அளக்கிற தகடுகளான ஃபீலர் கேஜ் வாங்கக் கிளம்பினோம்.